நூற்றுப் பதினெட்டு ராத்தல் கறி

அறுபதைத் தாண்டிய நமக்கெல்லாம் ஒரு வியாதி இருக்கிறது. இரண்டு பேர் சேர்ந்தால் போதும். முழங்கால் வலியைப் பற்றி நாலு வார்த்தை, சர்க்கரை மாத்திரையைப் பற்றி நாலு வார்த்தை, அப்புறம் நேரே தேயிலைத் தோட்டத்துக்குப் போய்விடுவோம். தெல்தோட்டைப் பக்கம் நாம் பிறந்த மேல்லயம் இப்போது பாதிதான் நிற்கிறது. நம்மில் சிலர் என்னைப் போல் மஹய்யாவையில், சிலர் கொழும்பில், சிலர் எங்கெங்கோ. ஆனாலும் கல்யாண வீட்டில் ஒரே மேசையில் உட்கார்ந்துவிட்டால் அந்தப் பன்றிக் கதை வராமல் போகாது. இருபத்தைந்து ராத்தல் கறியை மாயமாக்கிய என் சித்தப்பாவின் கதை. நன்றாகத்தான் சொல்கிறீர்கள். ஒவ்வொரு கல்யாணத்துக்கும் கறி இரண்டு ராத்தல் கூடிக்கொண்டு வருகிறது. நானும் உங்களோடு சேர்ந்து சிரித்திருக்கிறேன். அது நான் செய்த தப்பு. இந்த முறை நான் சொல்கிறேன், நீங்கள் கேளுங்கள்.

உங்கள் பிள்ளைகளும் படிக்கக்கூடும் என்பதால் முதலிலிருந்தே வருகிறேன். மேல்லயத்தில் ஒரே கூரைக்குக் கீழே வரிசையாகப் பதினெட்டுக் காம்பரா, பதினெட்டுக் குடும்பம். பன்றி வளர்ந்தது எங்கள் காம்பராவுக்குப் பின்னால், பொதுப் பீலியில் வழிகிற தண்ணீர் ஓடும் கானுக்குப் பக்கத்தில். பழைய தகரமும் பலகையும் வைத்து அடித்த கூடு. சோறு வடித்த கஞ்சி, அரிசி கழுவிய தண்ணீர், காய்கறித் தோல், மிஞ்சிய ரொட்டி, எல்லாவற்றையும் ஒவ்வொரு வீட்டிலிருந்தும் கொண்டுவந்து எங்கள் வாசலில் இருந்த தகரப் பீப்பாயில் ஊற்றுவார்கள். அதற்குக் கழுநீர் என்று பொதுப் பெயர். யார் வீட்டுக் கழுநீரைப் பன்றி குடித்ததோ அந்த வீட்டுக்குத் தீபாவளிக் கறியில் ஒரு கூறு. அதனால் அது எங்கள் வீட்டுப் பன்றி என்று நாங்கள் சொல்லிக்கொண்டதே கிடையாது. அந்தப் பீப்பாயின் புளித்த வாடை இன்றைக்கும் எனக்கு ஞாபகம் இருக்கிறது. பள்ளிக்கூடத்தில் என் சட்டையிலும் அடிக்கும். பக்கத்தில் உட்கார்ந்தவள் மூக்கைப் பொத்துவாள். அது நீதான், மறுக்காதே.

அந்த வருஷத்துப் பன்றி கறுப்பு. பின்னங்காலில் ஒன்று மட்டும் வெள்ளை. அம்மா அதற்குப் பெயர் வைக்க விடவில்லை. "பேரு வச்சா அப்புறம் சட்டியில போட மனசு வராது" என்பார். ஆனால் தீனி வைக்கும்போது அவரே அதை "வாடி, வாம்மா" என்றுதான் கூப்பிடுவார்.

சித்தப்பா அப்பாவின் தம்பி. நாலு காம்பரா தள்ளி இருந்தார். தோட்டத்தில் புல்லு வெட்டுகிற வேலை. சின்ன வயதில் துரை பங்களாவில் பன்றி பார்க்கிற ஆளாக இருந்தவர். அங்கேதான் மதிப்புப் போடுவதைக் கற்றுக்கொண்டார். உயிரோடு நிற்கிற பன்றியைப் பார்த்து இதில் இத்தனை ராத்தல் கறி விழும் என்று சொல்லுவதற்குப் பெயர்தான் மதிப்பு. கூறு எத்தனை, ஒரு கூறுக்கு எவ்வளவு, வீட்டுக்கு விருந்தாளியைக் கூப்பிடலாமா வேண்டாமா என்பதெல்லாம் அந்த ஒரு எண்ணிலிருந்துதான் தெரியும். அதனால் தீபாவளிக்கு இரண்டு வாரம் முன்னால் அவர் மதிப்புப் போடும் காலையில் லயமே எங்கள் பின்பக்கத்தில் நிற்கும்.

அவரிடம் ஒரு சணல் கயிறு இருந்தது. அங்குலத்துக்கு ஒரு மைக்கோடு, பத்து அங்குலத்துக்கு ஒரு முடிச்சு. பன்றிக்குக் காலைத் தீனி வைக்கும் முன்பே அளந்துவிட வேண்டும். "வயித்த ரொப்பிட்டு அளந்தா கழுநீரையும் சேத்துத்தான் கறின்னு சொல்லுவோம்" என்பார். அம்மா ஒரு அவித்த வத்தாளங்கிழங்கைக் காட்டி அதை நிற்க வைப்பார். சித்தப்பா கூட்டுக்குள் இறங்கி, முன்னங்காலுக்குப் பின்னால் நெஞ்சைச் சுற்றிக் கயிறு போடுவார். இறுக்கவும் மாட்டார், தளர்த்தவும் மாட்டார். அப்புறம் இரண்டு காதுக்கும் நடுவிலிருந்து வால் முளைக்கிற இடம் வரைக்கும் நீளம். பன்றி தலையைக் குனிந்தால் நீளம் கூடிவிடும் என்று அது நிமிரும் வரை காத்துக்கொண்டிருப்பார். அவசரமே இல்லாத மனுஷன்.

கணக்குக்கு நான். சித்தப்பாவுக்குப் பெருக்கல் தெரியாது. கற்பலகையோடு கூட்டுக்கு வெளியே உட்கார்ந்திருப்பேன்.

"சுத்தளவு நாப்பத்தி மூணு. அதை அதாலயே பெருக்கு" என்றார்.

ஆயிரத்து எண்ணூற்று நாற்பத்தொன்பது.

"நீளம் நாப்பத்தி ரெண்டு. அதாலயும் பெருக்கு. வந்ததை நானூறால பிரி."

நாக்கைத் துருத்திக்கொண்டு பிரித்தேன். நூற்றுத் தொண்ணூற்று நாலு வந்தது.

"அது உசுரோட இருக்கிற நிறை" என்றார் சித்தப்பா, என்னிடம் மட்டும் சொல்வதுபோல எல்லோருக்கும். "தலை, காலு, குடலு, ரத்தம், முடி எல்லாம் போனா பத்துல ஆறு பங்குதான் நமக்கு. எவ்வளவு?"

"நூத்திப் பதினாறு, சித்தப்பா."

பன்றியின் முதுகில் கட்டைவிரலை வைத்து அமுக்கினார். கண்ணை மூடிக்கொண்டு, மருந்துக்கடைக்காரர் தூளைத் தொட்டுப் பார்ப்பதுபோல் பார்த்தார். "கொழுப்பு நல்லாப் புடிச்சிருக்கு. இன்னொரு ரெண்டு கூட்டிக்க. நூத்திப் பதினெட்டு."

எங்கள் காம்பராச் சுவரில் கரியால் 118 என்று எழுதியது நான்தான். போன வருஷங்களில் வெட்டின பிறகு கீழ்க்கடை முதலாளியின் தராசைக் கொண்டுவந்து நிறுத்துப் பார்த்திருக்கிறார்கள். இரண்டு ராத்தலுக்கு மேல் சித்தப்பாவின் மதிப்பு பிசகியதே இல்லை. அவருக்கு வீடு இல்லை, நிலம் இல்லை, படிப்பு இல்லை. இந்த ஒன்றுதான் இருந்தது. அந்த இரண்டு வாரமும் லயத்தில் நடக்கும்போது அவர் நடையே கொஞ்சம் மாறியிருக்கும்.

இனி அப்பா. அந்த வருஷம்தான் அப்பாவைத் தேயிலைச் செடி கவ்வாத்து வெட்டுகிற வேலையிலிருந்து எடுத்து, கொழுந்து நிறுக்கிற கொட்டகையான மடுவத்தில் தராசு பார்க்கப் போட்டார்கள். கொழுந்தெடுக்கிற பெண்கள் சாக்கைக் கொண்டுவந்து கொக்கியில் மாட்ட, முள் காட்டுவதைப் படித்துச் சத்தமாகக் கூப்பிடுவது அவர் வேலை. அவர் கூப்பிடுவதைக் கணக்கப்பிள்ளை எழுதுவார். தராசின் அந்தப் பக்கத்தில் நம் ஆட்களில் ஒருவர் நின்றது அதுதான் முதல் தடவை. பெண்களுக்கெல்லாம் சந்தோஷம். "அண்ணன் நிக்கிறாரு, இனி நம்ம கொழுந்து நம்மளுக்கு" என்று அம்மாவிடம் வந்து சொல்லிவிட்டுப் போனார்கள். சாக்குக்கு ஒரு ராத்தல் கழிப்பார்கள். மழை நாளில் ஈரத்துக்கு இன்னும் இரண்டு. அதை யாரும் கேள்வி கேட்பதில்லை. சொன்ன நிறை வராவிட்டால் அன்றைக்கு அரைப் பேர்தான், அதாவது அரை நாள் சம்பளம். இதெல்லாம் உங்களுக்குத் தெரியும்.

அம்மாவுக்கு அந்த வருஷம் அடிக்கடி அரைப் பேர் விழுந்தது. சித்திக்கும். சித்தி அப்போது கைப்பிள்ளைக்காரி. "எனக்குக் கை மந்தமாயிருச்சு போல" என்று அம்மா விரல்களைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். அப்பா தட்டைவிட்டுத் தலை நிமிரமாட்டார். அவர் சோறு சாப்பிடுகிற வேகம் மட்டும் கூடும்.

தீபாவளிக்கு முந்தின நாள் விடிய முன்பே அடுப்பு மூட்டினார்கள். வெட்டினதை நான் பார்க்கவில்லை. அம்மாவும் பார்க்கவில்லை. உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அரிசி புடைத்தார். முன்பே புடைத்த அரிசிதான். வெளியே வந்தபோது கொதிதண்ணீர் ஊற்றிச் சிரட்டையால் முடி சுரண்டிக்கொண்டிருந்தார்கள். அப்புறம் மானாப்புல்லைக் கொளுத்தி வாட்டினார்கள். பனியும் புகையும் ஒன்றாகி லயம் முழுக்கத் தீய்ந்த வாசம். சித்தப்பா கத்தி பிடித்தால் பார்த்துக்கொண்டே இருக்கலாம். வெட்டுகிறவருக்கு உரிய பங்கு தலையும் காலும் குடலும். அவற்றை ஒரு பெரிய அலுமினியச் சட்டியில் வைத்து, நிறுவைக்கு முன்பே சித்தி எடுத்துக்கொண்டு போய்விட்டார். எல்லா வருஷமும் அப்படித்தான்.

அந்த வருஷம் கடைத் தராசு வேண்டாம் என்று அப்பா சொல்லியிருந்தார். கணக்கப்பிள்ளையிடம் கேட்டு மடுவத்துத் தராசையே தோளில் தூக்கிவந்தார். வட்ட முகமும் நீண்ட முள்ளுமாக அது எங்கள் கொய்யா மரக் கிளையில் தொங்கியது. அப்பா சட்டையின் கடைசிப் பொத்தான் வரை போட்டுக்கொண்டு அதன் முன்னால் நின்றார். சித்தப்பா கறித் துண்டுகளைக் கம்பியில் கோத்துக் கொக்கியில் மாட்டினார். அப்பா மடுவத்துக் குரலில் கூப்பிட்டார்.

"பதினொண்ணு!"

எழுதினேன்.

"பன்னெண்டு!... பத்து!... பதிமூணு!..."

எட்டுத் தடவை மாட்டி எட்டுத் தடவை கூப்பிட்டார். யாரும் முள்ளைப் பார்க்கவில்லை. இதை நீங்கள் நன்றாக யோசித்துப் பாருங்கள். நம் ஆட்களுக்குத் தராசைப் பார்க்கிற வழக்கமே கிடையாது. கூப்பிடுகிற குரலைக் கேட்கிறதுதான் வழக்கம். தாத்தா காலத்திலிருந்து அப்படியே பழகிவிட்டது.

கூட்டிப் பார்த்தேன். தொண்ணூற்று மூன்று.

முதலில் யாரோ சிரித்தார்கள். அப்புறம் எல்லோரும் சுவரில் இருந்த 118-ஐப் பார்த்தார்கள். இருபத்தைந்து ராத்தல் குறைகிறது. பெரிய கங்காணி என் பலகையை வாங்கி விரல் விட்டு எண்ணிக் கூட்டினார். தொண்ணூற்று மூன்றுதான்.

"அன்னைக்குப் பெருக்குனதுல புள்ள பிழை விட்டிருக்கும்" என்றார்.

எனக்கு அப்போதுதான் பத்து வயசு. பதினெட்டு வீட்டுத் தீபாவளியும் என் பலகையால் கெட்டுப்போனதாக நினைத்தேன்.

"புள்ள கணக்கு சரி. நான் பாத்தேன்" என்றார் சித்தப்பா. அவருக்குப் பெருக்கல் தெரியாது என்று சொன்னேன் அல்லவா.

"அப்ப ஒன் மதிப்புத்தான் பிழை." கங்காணி அதை நல்லபடியாகத்தான் சொன்னார். "போவட்டும், ஆளுக்கு ஒரு தடவை பிழைக்கும்."

ஆமாம் என்று சொல்லியிருந்தால் அத்தோடு முடிந்திருக்கும். சித்தப்பா தராசின் முகத்தைப் பார்த்தார். அப்புறம் அப்பாவைப் பார்த்தார். நிறைய நேரம் பார்த்தார்.

"என் மதிப்பு பிழைக்கல" என்றார்.

மதிப்பும் சரி, கணக்கும் சரி, தோட்டத்துத் தராசும் சரி என்றால் மிச்சம் என்ன இருக்கிறது? யார் முதலில் அந்த அலுமினியச் சட்டியின் பேச்சை எடுத்தது என்று எனக்குத் தெரியாது. கங்காணியும் இன்னும் இரண்டு பேரும் நாலு காம்பரா தள்ளி நடந்தார்கள். பின்னால் நாம் எல்லோரும் ஓடினோம். சித்தி இடுப்பில் பிள்ளையோடு வாசலில் நின்றார். என்ன, ஏது என்று கேட்டார். சொன்னார்கள். சித்தி பிள்ளையைக் கீழே விட்டுவிட்டு, உள்ளே போய்ச் சட்டியைத் தூக்கிவந்து, படியிலேயே கவிழ்த்துக் கொட்டினார். தலை ஒரு பக்கம் உருண்டது. குடல் கானில் வழிந்தது. கறி ஒரு துண்டு இல்லை.

"பாத்துக்குங்க" என்றார்.

பார்த்தார்கள். அப்படியும் நம்பவில்லை. அதற்குள் வேறெங்கோ ஒளித்துவிட்டார்கள் என்று பேச்சானது. இன்னொரு தடவை நிறுக்கலாமா என்று ஒருவர் கேட்டார். தோட்டத்துத் தராசா பொய் சொல்லும் என்று இன்னொருவர் கேட்டார். அதற்குள் அப்பா தராசைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு மடுவத்துக்கு நடந்துவிட்டார்.

கறியை வாழையிலையில் பதினெட்டுக் கூறு போட்டார்கள். கூறு போடுவது கண் அளவுதான், தராசு கிடையாது. எலும்பு ஒன்று, கொழுப்பு ஒன்று, தொடை ஒன்று என்று எல்லாக் குவியலிலும் சமமாக விழும். எங்கள் கூறை அம்மா சட்டியில் போட்டபோது சட்டி கொள்ளவில்லை. "கொறைஞ்ச கறின்னு சொன்னாங்க, போன வருஷத்தை விடக் கூடத்தானே இருக்கு" என்று சொல்லிக்கொண்டே இன்னொரு சட்டி எடுத்தார். அப்பா அப்போதுதான் மடுவத்திலிருந்து திரும்பி வந்து முகம் கழுவிக்கொண்டிருந்தார். கழுவின முகத்தைத் துடைக்காமல் அப்படியே நின்றார். அந்தத் தீபாவளிக்கு அவர் கறி தொடவில்லை. வயிறு சரியில்லை என்றார்.

அதற்கப்புறம் நடந்தது உங்களுக்குத் தெரியும், ஏனென்றால் நாம்தான் நடத்தினோம். பள்ளிக்கூடம் போகும்போது சித்தப்பா வீட்டைத் தாண்டும் இடத்தில் "கறிக்கள்ளன், கறிக்கள்ளன்" என்று கத்தினோம். நானும் கத்தினேன். சொந்தச் சித்தப்பா என்பதால் யாரும் என்னைச் சேர்த்துப் பேசிவிடக்கூடாதே என்று கொஞ்சம் கூடவே கத்தினேன். மலையில் சித்தி கொழுந்தெடுக்கிற நிரைக்குப் பக்கத்து நிரையைப் பெண்கள் எடுக்க மறுத்தார்கள். ஒரு நிரை விட்டுத்தான் நின்றார்கள். தைப்பொங்கலுக்கு முன்னால் அவர்கள் ட்ரங்குப் பெட்டியோடு பஸ் ஏறி நாவலப்பிட்டிக்குப் போய்விட்டார்கள். அம்மா மட்டும் ரோடு வரைக்கும் கூடப் போய்விட்டு வந்தார். அப்பா மடுவத்தில் வேலை இருக்கிறது என்றார். அது ஞாயிற்றுக்கிழமை. அளவுக் கயிற்றைச் சித்தப்பா எங்கள் பன்றிக் கூட்டு ஆணியிலேயே விட்டுப் போயிருந்தார். அம்மா அதைக் கொடியாகக் கட்டித் துணி காயப்போட்டார். நைந்து அறுந்து எங்கே போனதென்று தெரியவில்லை.

வருஷங்கள் போயின. அப்பா தராசிலேயே இருபத்தைந்து வருஷம் நின்று ஓய்வு பெற்றார். அம்மா அதற்கு முன்பே போய்விட்டார். நான் கல்யாணமாகி மஹய்யாவைக்கு வந்து, அப்பாவையும் என்னோடு வைத்துக்கொண்டேன்.

என் மகன் கட்டாருக்கு வேலைக்குப் போன வாரம். பெட்டி முப்பது கிலோவுக்கு மேல் போகக்கூடாது என்பதால் பக்கத்துக் கடையில் ஒரு தொங்கு தராசு வாங்கிவந்து கதவு நிலையில் மாட்டினோம். தாத்தாவுக்குத்தான் தராசு தெரியும் என்று அப்பாவை நிற்க வைத்தோம். அப்பாவுக்கும் பெருமைதான். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

"இருபத்தெட்டு!" என்றார், அதே மடுவத்துக் குரலில்.

"இன்னும் ரெண்டு கிலோ வைக்கலாம்மா" என்று மகன் மாசிக் கருவாட்டுப் பொட்டலத்தை எடுத்தான். அப்புறம் எட்டிப் பார்த்தான். "தாத்தா, முள்ளு முப்பத்தொண்ணுல நிக்குது. நீங்க மூணைக் குறைச்சுச் சொல்றீங்க."

அப்பா மறுபடியும் பார்த்தார். முப்பத்தொன்றுதான். மகன் சிரித்துக்கொண்டே ஒரு சேலைக் கட்டை வெளியே எடுத்தான். நான் சிரிக்கவில்லை. எட்டு மூன்று இருபத்து நாலு என்று என் வாய் தானாகச் சொன்னது. தொண்ணூற்று மூன்றும் இருபத்து நாலும் நூற்றுப் பதினேழு. சித்தப்பாவின் மதிப்பு ஒரே ஒரு ராத்தல்தான் பிசகியிருக்கிறது.

அப்பா என் முகத்தைப் பார்த்தார். எனக்குப் புரிந்துவிட்டது என்று அவருக்குப் புரிந்துவிட்டது.

"அன்னைக்கே தெரியும்" என்றார். "ஒங்கம்மா ரெண்டாவது சட்டி எடுத்தப்பவே தெரிஞ்சிருச்சு. வேணும்னு சொல்லலம்மா. நாளெல்லாம் சொல்லிச் சொல்லி வாய் அப்படிப் பழகிருச்சு."

"அப்பவே சொல்லியிருக்கலாமேப்பா."

"என்னன்னு சொல்றது? பன்னிக்கறிக்குச் சாக்கும் இல்ல, ஈரமும் இல்ல, ஏன் மூணு கழிச்சேன்னு கேப்பாங்க. வெயில் நாள்லயும் கழின்னு கணக்கப்பிள்ளை சொல்லியிருந்தாரு. தெனமும் கழிச்சேன். அது வெளிய வந்திருக்கும்."

எனக்கு அவர்மேல் வந்த கோபத்தை இங்கே மறைக்கப் போவதில்லை. இரண்டு நாள் அவரோடு பேசவில்லை. மூன்றாம் நாள் அவரே சட்டை போட்டுக்கொண்டு வந்து, "நாவலப்பிட்டிக்குக் கூட்டிட்டுப் போ" என்றார்.

சித்தப்பாவின் வீடு ரயில் பாதைக்கு மேலே இருந்தது. கதவைத் திறந்த சித்தி ஒரு கணம் நின்றார். அப்புறம் "வாங்க" என்றார். அவ்வளவு வருஷத்துக்குப் பிறகும் அப்பாவைப் பார்த்ததும் முந்தானையை இழுத்து விட்டுக்கொண்டார். சித்தப்பா கதிரையிலிருந்து எழுந்துவிட்டார். அவருக்குத் தலை முழுக்க நரைத்திருந்தது. சித்தி தேத்தண்ணி போட உள்ளே போனார். அப்பா உட்காரவே இல்லை.

"தம்பி, ஒன் மதிப்பு சரிடா. நான்தான் மூணு மூணாக் கழிச்சுக் கூப்பிட்டேன்."

"தெரியும்ண்ணே" என்றார் சித்தப்பா.

நான்தான் கேட்டேன். "எப்ப சித்தப்பா தெரியும்?"

"கறியை மாட்டுனதே நான்தானேம்மா. முள்ளு என் மூக்குக்கு நேரா இருந்துச்சு. பதினாலு காட்டுது, அண்ணன் பதினொண்ணுங்கிறாரு. ரெண்டாவது தடவையே வெளங்கிருச்சு, மடுவத்துல என்னா நடக்குதுன்னு. அத்தனை பொம்பளைங்க சுத்தி நிக்கிறாங்க. நான் வாயத் தொறந்தா அண்ணனை அங்கனயே கிழிச்சிருப்பாங்க."

"அப்ப மதிப்பு பிழைன்னாவது சொல்லியிருக்கலாமேடா" என்றார் அப்பா.

சித்தப்பா கொஞ்சம் சிரித்தார். "அது மட்டும் வரலண்ணே."

இரண்டு பேரும் கையைப் பிடித்துக்கொண்டார்கள். அப்பா அழுதார். சித்தப்பாவும் அழுதார். நானும் அழுதேன். எல்லாம் சரியாகிவிட்டது என்றுதான் நினைத்தேன்.

தேத்தண்ணித் தட்டோடு சித்தி உள்வாசலில் நின்றுகொண்டிருந்தார். எவ்வளவு நேரமாக நின்றாரோ தெரியவில்லை. புருஷன் இதை ஒரு நாளும் அவரிடம் சொன்னதில்லை என்பது அந்த முகத்தைப் பார்த்ததும் தெரிந்தது.

"அப்ப என் கொழுந்துலயும் மூணு போச்சா, மாமா?" என்றார்.

அப்பா பிடித்திருந்த கையை விட்டார்.

"கைப்பிள்ளையைப் பிள்ளை மடுவத்துல ஆயாகிட்ட விட்டுட்டு, பாலு கட்டிக்கிட்டு வலிக்க வலிக்க எடுத்த கொழுந்து. அரைப் பேரு, அரைப் பேருன்னு ஒரு மாசம் முழுக்க விழுந்துச்சு. நமக்கு ஒடம்புல ஏதோ கொறைன்னு நெனச்சேன். அக்காவும் அப்பிடித்தான் நெனச்சாங்க." தட்டை மேசையில் வைத்தார். ஒரு சொட்டுச் சிந்தவில்லை. "அண்ணனும் தம்பியும் ஒருத்தரை ஒருத்தர் காப்பாத்திக்கிட்டீங்க. நல்லது. படியில கொடலக் கொட்டிட்டு நின்னது நானு."

"என்னை மன்னிச்சிருங்கம்மா" என்று அப்பா கும்பிட்டார்.

"என்கிட்ட சொல்லிட்டீங்க, சரி. அக்கா போயிட்டாங்க, அவங்களுக்கு இனி சொல்ல முடியாது. மத்த பதினாறு வீட்டுக்கும் யாரு சொல்லுவா?"

"நான் சொல்றேன்" என்றார் அப்பா.

சொல்லவில்லை. ஒவ்வொரு தீபாவளிக்கும் இந்த வருஷம் தெல்தோட்டைக்குப் போய் எல்லோரையும் பார்க்க வேண்டும் என்பார். சட்டைகூட எடுத்து வைப்பார். ஒன்பது வருஷம் அப்படியே போய், அவரும் போய்விட்டார். அடுத்த வருஷம் சித்தப்பா போனார். சாகிற வரைக்கும் நம் கல்யாண வீடுகளில் அவர் கறிக்கள்ளன்தான். மேசையில் நான் இருந்தேன். அப்பாவின் பெயர் கெட்டுவிடும் என்று வாயை மூடிக்கொண்டிருந்தேன். எங்கள் குடும்பத்தில் மூடிக்கொண்ட மூன்றாவது வாய் அது.

சித்திக்கு எண்பது தாண்டிவிட்டது. காது சரியாகக் கேட்காது, ஆனால் போன் எடுத்தால் முதல் கேள்வி ஒன்றுதான். "எல்லாருக்கும் சொல்லிட்டியா?" இன்னும் இல்லை சித்தி என்று சொல்லிச் சொல்லி எனக்கே வெட்கமாகிவிட்டது.

ஆகவே, மேல்லயத்துப் பதினாறு வீட்டுப் பிள்ளைகளுக்கும் சொல்கிறேன். அந்தக் கறியை யாரும் எடுக்கவில்லை. நூற்றுப் பதினேழு ராத்தலும் நம் பதினெட்டு வீட்டுச் சட்டியில்தான் வெந்தது. உங்கள் அம்மாவின் கொழுந்தில், மழை இல்லாத நாளிலும், நிறுவைக்கு இரண்டு ராத்தல் ஈரம் என்று கழித்தவர் என் அப்பா. நம் அம்மாமார் எல்லோரும் சாயங்காலம் அடுப்படியில் உட்கார்ந்து விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தது உங்களுக்கும் ஞாபகம் இருக்கும். உங்களில் நாலு பேருக்காவது அம்மா இன்னும் உயிரோடு இருக்கிறார் என்று எனக்குத் தெரியும். இன்றைக்கே பக்கத்தில் போய் உட்கார்ந்து, காதில் விழுகிற மாதிரிச் சொல்லுங்கள். அவருக்குக் கை மந்தமாக இருந்ததே இல்லை.